பழைய மெயின்பிரேம் கம்ப்யூட்டரின் பூர்வீகம் தேடுவது எப்படி? கொங்கு நாட்டில் தேடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உக்கடம் பழைய இரும்புக் கடையிலோ, மூடிக் கிடக்கும் நூற்பாலையின் குடோனிலோ, இன்ஜினியரிங் காலேஜ் படிக்கட்டுக்கு அடியிலோ ஆள் உயர இரும்பு அலமாரி ஒன்று உங்கள் கண்ணில் பட்டிருக்கும். கதவைத் திறந்தால் வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன சர்க்யூட் கார்டுகள், பின்னால் ஒயர்கள். "அந்தக் காலத்துப் பெரிய கம்ப்யூட்டருங்க" என்று கடைக்காரர் சொல்வார். எங்கே செய்தது, யார் வைத்திருந்தார்கள், எப்படி இங்கே வந்தது என்று கேட்டால் பதில் வராது.

நானும் நண்பர்களும் அப்படி ஒரு டேப் டிரைவ் (காந்த நாடாவில் தகவலைப் பதிந்து படிக்கும் கருவி) அலமாரியின் பூர்வீகத்தைத் தேடி கோவை, திருப்பூர், ஈரோடு என்று அலைந்தோம். எந்த ஆபீஸில் எந்தப் பேரைச் சொல்லிக் கேட்பது என்று வழிகாட்ட ஆள் இல்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். மெயின்பிரேம் என்பது ஒற்றை மெஷின் கிடையாது. கணக்குப் போடும் மூளையான சிபியு தனி அலமாரி, டேப் டிரைவ் தனி, துளையிட்ட அட்டைகளைப் படிக்கும் கார்டு ரீடர் தனி, பிரிண்டர் தனி. ஒவ்வொன்றுக்கும் தனி மாடல் எண், தனி சீரியல் நம்பர் உண்டு. சிபியு ஒரு ஊரிலிருந்தும் பிரிண்டர் வேறு ஊரிலிருந்தும் வந்து ஒரே குடோனில் சேர்ந்திருக்கலாம். அதனால் அலமாரிக்கு அலமாரி தனித்தனியாகத்தான் தேட வேண்டும். நிலம் வாங்கும்போது மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய பத்திரம் வரை கை மாறிய வரிசையைப் பார்ப்போமே, இங்கேயும் அதே வேலைதான்.

1. துடைப்பதற்கு முன்னால் படம் எடுங்கள்

பார்த்ததும் தூசியைத் தட்டத்தான் கை போகும். தட்டாதீர்கள். நான்கு பக்கமும், மேலும் கீழும், கதவின் உள்பக்கமும் படம் எடுங்கள். சாக்பீஸ் எழுத்து, பெயின்டில் எழுதிய எண், கிழிந்த ஸ்டிக்கர், கயிற்றில் தொங்கும் அட்டை எல்லாம் சாட்சிதான். பக்கவாட்டில் பெயின்டில் கொட்டையாக ஒரு எண் இருந்தால் அது பெரும்பாலும் ஏல லாட் நம்பர். எங்கள் தேடலில் கடைசியில் கை கொடுத்தது அந்த எண்தான்.

அடுத்து, காற்று வரும் ஃபில்டரையும் ஃபேனையும் பாருங்கள். நம் ஊரில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. மில்லுக்குள் வருஷக்கணக்கில் ஓடிய மெஷின் என்றால் ஃபில்டரின் இடுக்குக்குள் பஞ்சு படிந்து கெட்டியாகியிருக்கும். வெளியே மட்டும் பஞ்சு ஒட்டியிருந்தால் அது குடோன் தூசி. திருப்பூர்ப் பக்கத்துக் குடோனில் ஆறு மாதம் கிடந்தால் எந்தச் சாமானும் பனியன் கழிவால் மூடிப்போகும். எங்கள் அலமாரியின் மேல்தட்டில் விரல் தடிமனுக்குப் பஞ்சு இருந்தது. ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே வெறும் கறுப்புத் தூசி. மில்லில் ஓடிய மெஷின் இது இல்லை என்று அப்போதே ஓரளவு புரிந்துவிட்டது.

கரண்ட் கொடுத்துப் பார்க்கவே கூடாது. அந்தக் காலத்துப் பெரிய கெப்பாசிட்டர்கள் வெடிக்கலாம். எண்ணெய் அடைத்த சிலவற்றில் பிசிபி என்ற நச்சுத் திரவமும் இருக்கலாம். கசிவு தெரிந்தால் வெறுங்கையால் தொட வேண்டாம்.

2. நேம் பிளேட்டைப் படியுங்கள்

பெரும்பாலும் பின்பக்கக் கீழ் மூலையிலோ கதவைத் திறந்ததும் சட்டத்திலோ இருக்கும். மாடல் எண், சீரியல் நம்பர், வோல்ட், சைக்கிள் (கரண்டின் ஹெர்ட்ஸ் எண்) நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். சைக்கிள் என்ற இடத்தில் 50 இருந்தால் இந்தியா, ஐரோப்பா மாதிரி நாடுகளுக்கென்று செய்தது. 60 என்றிருந்தால் அமெரிக்காவில் ஓடிவிட்டுப் பிற்பாடு இங்கே வந்திருக்கலாம்.

கம்பெனிப் பெயரை வைத்தே காலத்தைச் சுருக்கலாம். ஐசிடி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பெயர் இருந்தால் 1968-க்கு முந்தையது. அந்த வருஷம்தான் அது இணைந்து ஐசிஎல் உருவானது. யூனிசிஸ் என்ற பெயர் 1986-க்கு முன் கிடையாது; அதற்கு முன் பரோஸ், ஸ்பெரி என்று தனித்தனி. ஈசிஐஎல் என்றால் ஹைதராபாத்தில் செய்தது. டிடிசி-12, டிடிசி-312, டிடிசி-316 எல்லாம் அவர்களுடையவை. இவை மெயின்பிரேம் அளவுக்குப் பெரியவை அல்ல. ஆனாலும் நம் நாட்டில் செய்த ஆரம்பகால கம்ப்யூட்டர்கள் என்பதால் கிடைத்தால் விடாதீர்கள்.

ரஷ்ய எழுத்தில் பிளேட் இருந்தால் பயப்பட வேண்டாம். சோவியத் கூட்டணி நாடுகள் சேர்ந்து செய்த வரிசை அது. பிளேட்டில் நம் கண்ணுக்கு 'இசி' என்று தெரியும் இரண்டு எழுத்தும் நான்கு இலக்கமும் இருக்கும். 1030, 1033, 1040 மாதிரி எண்கள் முழு கம்ப்யூட்டரைக் குறிக்கும். தனி அலமாரிகளில் 2-ல் தொடங்கினால் பிராசசர், 5-ல் தொடங்கினால் டேப் அல்லது டிஸ்க், 7-ல் தொடங்கினால் பெரும்பாலும் பிரிண்டர் மாதிரி வெளியீட்டுக் கருவி. 1040 கிழக்கு ஜெர்மனியில் செய்தது.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. பிளேட் சொல்வது செய்த இடத்தை மட்டும்தான். ஐபிஎம் கம்பெனி வெளிநாட்டில் ஓடிய, 1401 என்ற தன் பழைய மாடல் மெஷின்களைக் கொண்டுவந்து, பம்பாயில் செப்பனிட்டு, இங்கே வாடகைக்கு விட்டது. அதனால் பிளேட்டில் உள்ள நாட்டிலிருந்து நேராக நம் ஊருக்கு வந்தது என்று எழுதிவிடாதீர்கள். இந்த வாடகை விவகாரத்தை நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு 1975-76-ல் விரிவாக ஆராய்ந்தது. அந்த 221-வது அறிக்கையை நாடாளுமன்ற டிஜிட்டல் நூலகத்தில் இலவசமாகப் படிக்கலாம். தேடலைத் தொடங்கும் முன் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

3. பிளேட் இல்லையா? கார்டு பேசும்

பித்தளை விலைக்கு ஆசைப்பட்டு யாராவது பிளேட்டைப் பெயர்த்திருப்பார்கள். எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. அப்போது உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக்ஸைப் பார்க்க வேண்டும்.

சீட்டுக்கட்டைவிடக் கொஞ்சம் பெரிய பழுப்பு நிறக் கார்டு, ஒரு ஓரத்தில் 16 தங்கமுலாம் பூசிய விரல்கள், மேலே தனித்தனி டிரான்சிஸ்டர்கள், இங்கிலீஷ் எழுத்தில் ஒரு குறி. இப்படி இருந்தால் ஐபிஎம்மின் எஸ்எம்எஸ் (ஸ்டாண்டர்ட் மாடுலர் சிஸ்டம்) கார்டு, அதாவது 1401 காலத்துச் சாமான். டிரான்சிஸ்டர்களுக்குப் பதில் அரை அங்குலச் சதுர அலுமினிய மூடிகள் இருந்தால் அது 1964-ல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 வரிசை. டேப் டிரைவ் என்றால் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் எத்தனை டிராக் (தடம்) என்று பாருங்கள். 7 டிராக் என்றால் பெரும்பாலும் ஐபிஎம்மின் 729 மாதிரி பழைய வகை. 9 டிராக் என்றால் 360 காலத்ததோ அதற்குப் பிந்தையதோ.

கறுப்பு ஐசி சிப்புகள் இருந்தால் வேலை இன்னும் சுலபம். அவற்றில் நான்கு இலக்கத் தேதி அச்சாகியிருக்கும். முதல் இரண்டு இலக்கம் வருஷம், அடுத்த இரண்டு இலக்கம் வாரம். 7432 என்றால் 1974, 32-வது வாரம். கவனம்: 7400 வரிசை என்று ஒரு சிப் குடும்பமே இருக்கிறது. 7404, 7432 எல்லாம் அதில் சிப்பின் பெயர்கள். ஒரே சிப்பில் பெயர், தேதி இரண்டும் இருக்கும். எது எது என்று பிரித்துப் பார்க்காமல் வருஷம் எழுதினால் எல்லா மெஷினும் 1974-ல் பிறந்ததாகிவிடும். பத்திருபது சிப்புகளின் தேதியைக் குறித்து, பெரும்பாலானவை எந்த வருஷத்தில் குவிகின்றன என்று பாருங்கள். ஒன்றிரண்டு மட்டும் பல வருஷம் பிந்தி இருந்தால் அவை ரிப்பேரில் மாற்றியவை. அதுவும் நல்ல தகவல்தான், அந்த வருஷம் வரைக்கும் மெஷினை யாரோ பராமரித்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. ரஷ்ய மெஷினில் கே155 வரிசைச் சிப்புகள் இருக்கும். அவற்றின் கால்கள் 2.54 மில்லிமீட்டருக்குப் பதில் 2.5 இடைவெளியில் இருக்கும். அளந்து பார்த்தால் தெரியும்.

இதையெல்லாம்விட மதிப்பானது காகிதக் கட்டு. ஐபிஎம் மெஷின்களுடன் ஏஎல்டி என்ற சர்க்யூட் படங்கள் பெரிய பைண்டர்களில் வரும். அந்தந்த மெஷினுக்கென்றே அச்சிட்டவை. சீரியல் நம்பரும் செய்த மாற்றங்களும் அதிலேயே இருக்கும். மெஷின் வெளியே போவதற்கு முன்பே இந்தக் கட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். அதனால் குடோனில் மெஷினைப் பார்த்த அன்றைக்கே "இதோட புக்கு ஏதாவது இருந்ததுங்களா?" என்று கேளுங்கள். கூடவே துளையிட்ட கார்டுகள் கிடைத்தால் அள்ளிக்கொள்ளுங்கள். பல கம்பெனிகள் தங்கள் பெயரையோ படிவ எண்ணையோ கார்டில் அச்சிட்டு வாங்கின. பெரிய கம்பெனியோ ஆபீஸோ ஒன்றின் பெயர் அச்சான ஒரே ஒரு கார்டு கிடைத்தாலும் பாதி வேலை முடிந்த மாதிரி.

4. காகிதத்துக்கு முன் ஆட்களைத் தேடுங்கள்

காகிதம் காத்திருக்கும். 1970-களில் மெஷின் ரூமில் வேலை பார்த்தவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது. அவர்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

'மெயின்பிரேம்' என்று கேட்டால் பலருக்கும் புரியாது. கம்ப்யூட்டர் பிரிவை அன்று ஈடிபி என்பார்கள், கார்டில் துளையிட்டவர்களைப் பஞ்ச் ஆபரேட்டர் என்பார்கள். "ஈடிபி செக்‌ஷன்ல யாராச்சும் இருந்தாங்களா?", "பஞ்ச் ஆபரேட்டர் யாராவது தெரியுமுங்களா?" என்று கேளுங்கள். பஞ்ச் ஆபரேட்டர்களில் பெண்கள் நிறையப் பேர். அவர்களுக்கு நினைவு நன்றாக இருக்கும், ஆனால் யாரும் போய்க் கேட்டிருக்க மாட்டார்கள். பீளமேடு, சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர்ப் பக்கம் பழைய மில் தொழிற்சங்க ஆபீஸ்களில் விசாரித்தால் ஒருவர் இன்னொருவரைக் காட்டுவார்.

சிங்காநல்லூரில் ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவரிடம், அவர் வேலை பார்த்த மில்லின் சொத்துப் பதிவேட்டில் கம்ப்யூட்டர் மெஷின் எதுவுமே இல்லையே என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "அது எங்க மெஷின் இல்லீங்க தம்பி. வாடகைக்கு வந்தது. மாசாமாசம் பில்லு வரும், செக்கு போடுவோம். அசெட் ரிஜிஸ்டர்ல நீங்க எத்தனை தேடுனாலும் கெடைக்காது." அந்த ஒரு பதில் எங்களுக்குப் பல மாத வேலையை மிச்சப்படுத்தியது.

போகும்போது படங்களைப் பெரிதாக அச்சடித்து எடுத்துப் போங்கள். போன் திரையில் காட்டினால் கண் தெரியாமல் கஷ்டப்படுவார்கள். அனுமதி கேட்டுக் குரலைப் பதிவு செய்யுங்கள். வருஷத்தைக் கேட்காதீர்கள், "பையன் பொறந்ததுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்கிற மாதிரி கேளுங்கள். விடை சரியாக வரும்.

5. மில் கணக்கில் எங்கே பார்ப்பது

வாடகை மெஷின் என்றால் சொத்துப் பதிவேட்டை விட்டுவிட்டு வாடகை, பராமரிப்புச் செலவுக் கணக்கைக் கேளுங்கள். 1978 ஒரு முக்கியமான எல்லை. அந்த வருஷம் ஐபிஎம் இந்தியாவை விட்டுப் போனது. அதன் மெஷின்களின் பராமரிப்பு அரசு நிறுவனமான சிஎம்சி கைக்கு வந்தது. வாடகைக்கு வைத்திருந்தவர்கள் சிலர் மெஷினை விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். அதனால் 1978-ஐ ஒட்டி ஒரு மெஷின் திடீரென்று சொத்துப் பதிவேட்டில் முளைத்தால் அது அப்போதுதான் வந்தது என்று அர்த்தமில்லை.

நேரடியாக இறக்குமதி செய்தது என்றால் கொள்முதல் ஃபைலில் இறக்குமதி லைசென்ஸும், சுங்கத்தில் கொடுத்த பில் ஆஃப் என்ட்ரி என்ற படிவமும் இருக்கும். சீரியல் நம்பர் பெரும்பாலும் அதில் இருக்கும். வெளியே போனதற்கு கேட் பாஸ் புத்தகம், அதிலும் திரும்பி வராத சாமானுக்கான என்ஆர்ஜிபி. யாருக்கு விற்றார்கள் என்பது அங்கேதான் தெரியும்.

எப்போது போவது என்பதும் முக்கியம். மார்ச் கடைசியிலும் தீபாவளி போனஸ் சமயத்திலும் மில் ஆபீஸ் பக்கம் போக வேண்டாம், முகம் கொடுக்க ஆள் இருக்காது. ஆயுத பூஜைக்கு முந்தைய இரண்டு வாரம் நல்ல சமயம். குடோனைத் திறந்து சுத்தம் செய்வார்கள். பழைய ஃபைலும் பழைய மெஷினும் வெளியே வருவது அப்போதுதான்.

6. தகவல் உரிமைச் சட்டம்

அரசுக் கல்லூரி, பல்கலைக்கழகம், மின்வாரியம், ரயில்வே, என்டிசி (தேசிய ஜவுளிக் கழகம்) மில்கள் என்றால் இந்தச் சட்டப்படி மனு, அதாவது ஆர்டிஐ போடலாம். தனியார் மில்லுக்கு இது செல்லாது. என்டிசி மத்திய அரசு நிறுவனம் என்பதால் மத்திய அரசின் ஆன்லைன் தளத்தில் போடலாம். மாநில அரசு அலுவலகங்களுக்கு மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் சரிப்படாவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம்.

கேட்கும் விதம்தான் எல்லாம். "உங்களிடம் பழைய கம்ப்யூட்டர் இருந்ததா?" என்று கேட்டால் "தகவல் இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: இன்ன வருஷம் முதல் இன்ன வருஷம் வரை கம்ப்யூட்டர், டேட்டா பிராசசிங் கருவிகளுக்கான இருப்புப் பதிவேட்டுப் பக்கங்களின் நகல், கண்டம் செய்த (பயன்படாது என்று ஒதுக்கிய) உத்தரவின் நகல், ஏல விற்பனைப் பட்டியலின் நகல். "அழிக்கப்பட்டுவிட்டது" என்று பதில் வந்தால் அழித்ததற்கான உத்தரவின் நகலைக் கேளுங்கள். எங்களுக்கு ஒரு அலுவலகம் அப்படித்தான் எழுதியது. உத்தரவைக் கேட்ட பிறகு பதிவேடு கிடைத்துவிட்டது.

7. கம்பெனி பதிவாளர் அலுவலகம்

தனியார் கம்பெனி என்றால் இந்த வழி. கொங்கு மாவட்டங்களுக்குக் கோவையிலேயே கம்பெனி பதிவாளர் அலுவலகம் இருக்கிறது. கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் ஒரு கம்பெனியின் பொது ஆவணங்களைப் பார்க்க 100 ரூபாய். வங்கிக் கடனில் மெஷின் வாங்கியிருந்தால் அடமானப் பதிவில் மெஷின் விவரம் இருக்க வாய்ப்புண்டு. பழைய ஆவணங்கள் எல்லாம் ஆன்லைனில் ஏறியிருக்காது. நேரில் விசாரிக்க வேண்டும். கம்பெனி மூடப்பட்டு லிக்விடேஷனுக்குப் போயிருந்தால், அந்தச் சமயத்து நாளிதழ்களில் வந்த சொத்து ஏல அறிவிப்புகளைத் தேடுங்கள்.

8. பழைய இரும்புக் கடைச் சங்கிலி

கடைக்காரரிடம் முதல் கேள்வியாக "எங்கே வாங்கினீங்க?" என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டார். போலீஸ் விவகாரமோ என்று பயப்படுவார். அவருக்கு அதில் நியாயம் இருக்கிறது. முதலில் ஏதாவது ஒரு சாமானை விலை கொடுத்து வாங்குங்கள், பில் போட்டு வாங்குங்கள். அடுத்த முறை போகும்போது லாட் நம்பர் படத்தைக் காட்டிக் கேளுங்கள். எங்கள் அலமாரிக்கு அப்படித்தான் சென்னை வியாபாரி ஒருவரின் டெலிவரி சலான் கிடைத்தது. அங்கே ஒரு அலுவலக ஏலத்தில் எடுத்த லாட், அதே நம்பர். ஃபில்டரில் பஞ்சு இல்லாததற்குக் காரணமும் அதோடு தெரிந்தது.

இங்கே அவசரம் தேவை. தங்கமுலாம் பூசிய கார்டுகளைத் தனியாகப் பிரித்து விற்றுவிடுவார்கள். சின்னக் காந்த வளையங்கள் கோத்த பழைய நினைவகமான கோர் மெமரித் தட்டுகளைச் சேகரிப்பாளர்கள் தனியாக வாங்கிப் போவார்கள். பிரித்த கார்டு எந்த மெஷினுடையது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. முழு அலமாரியையும் வாங்கப் பணம் இல்லை என்றால், பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு வரிசையையும் படமாவது எடுத்துவிடுங்கள்.

9. வாங்குவதற்கான காகிதங்கள்

மில்லோ கல்லூரியோ கொடுப்பதாக இருந்தால் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்குங்கள். மாடல், சீரியல் நம்பர், பாதுகாத்து வைப்பதற்காகக் கொடுக்கிறோம் என்ற வாசகம், கையெழுத்து, சீல். மின்கழிவு விதிகள்படி பெரிய நிறுவனங்கள் கழிவைப் பதிவுபெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். அந்தத் தயக்கத்தில் இழுத்தடிப்பார்கள். கழிவாக எழுதித் தள்ளுவதற்கு முன்பே பேசி முடிப்பது நல்லது. தொல்பொருள் சட்டப் பதிவு தேவையா என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கு நூறு வருஷப் பழமை வேண்டும், இவை எதற்கும் அந்த வயது ஆகவில்லை.

பாலக்காட்டிலிருந்து வாளையார் வழியாக ஏற்றி வருவதாக இருந்தால், 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்குக்கு இ-வே பில் கட்டாயம். ஐபிஎம்மின் 1403 பிரிண்டர் ஒன்றே 300 கிலோவைத் தாண்டும். லோடுமேன்களிடம் எடையை முன்கூட்டியே சொல்லிக் கூலி பேசுங்கள். சாய்க்காமல் நிறுத்தி ஏற்ற வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மொத்தச் செலவில் வண்டி வாடகையும் கூலியும்தான் பெரிது. ஆவணச் செலவு எல்லாம் சேர்த்தாலும் ஆயிரத்தைத் தாண்டாது.

10. வெளிநாட்டுக் காப்பகங்களுக்கு எழுதுவது

இதைக் கடைசியில் செய்யுங்கள். சீரியல் நம்பரும் படங்களும் கையில் இல்லாமல் எழுதினால் அவர்களால் உதவ முடியாது. பரோஸ், கன்ட்ரோல் டேட்டா கம்பெனி ஆவணங்கள் அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் பாபேஜ் இன்ஸ்டிட்யூட்டில் இருக்கின்றன. ஸ்பெரியின் யுனிவாக் கம்ப்யூட்டர் ஆவணங்கள் ஹேக்லி மியூசியத்தில். 1401 என்றால் கலிஃபோர்னியாவின் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்தில் அதைச் சீர்செய்து ஓட்டியே காட்டுகிறார்கள். கார்டுகளை அடையாளம் காண அவர்களைவிடத் தெரிந்தவர்கள் குறைவு. பழைய மேனுவல்களுக்கு பிட்சேவர்ஸ் தளம் இலவசம். மின்னஞ்சலுக்குக் காசில்லை, ஸ்கேன் எடுத்துத் தரக் கட்டணம் கேட்கலாம். கேட்கும் முன் விலையை எழுத்தில் வாங்குங்கள்.

11. கிடைத்ததை எழுதி வைப்பது

அலமாரிக்கு ஒரு தாள். செய்த இடம், முதலில் இருந்த இடம், கை மாறியவர்கள், இப்போது இருக்கும் இடம். ஒவ்வொரு வரிக்கும் எதிரே அது பிளேட்டில் பார்த்ததா, காகிதத்தில் பார்த்ததா, ஒருவர் வாயால் சொன்னதா என்று எழுதுங்கள். தெரியாத இடத்தில் கோடு போட்டு விடுங்கள், ஊகத்தால் நிரப்ப வேண்டாம். பேட்டி கொடுத்தவர்களின் பெயரைப் போடலாமா என்று அவர்களிடமே கேளுங்கள். தாளின் ஒரு நகலை பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் கட்டிவிடுங்கள். இன்னொரு நகல், உங்களுக்கு விவரம் சொன்ன பெரியவரின் வீட்டுக்குப் போகட்டும். நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால், விட்டுப்போன இன்னொரு விஷயம் அவருக்கு அப்போது நினைவுக்கு வரும். பேனாவை மறக்காமல் எடுத்துப் போங்கள்.